ஒரு ஸ்டாப் எச்சா

கேமராப் பைதானுங்க அம்மிணி. மேல வெச்சா குலுங்கும், கீழ வெச்சா ஆராச்சு மிதிச்சுருவாங்க. அதனால மடியிலயே வெச்சுக்கறது. முப்பத்தொரு வருசமா இப்படித்தான். பெத்த புள்ளையக்கூட இத்தன தூரம் மடியில வெச்சுட்டுப் போனதில்லைன்னு எங்க ஊட்டுக்காரி சொல்லுவா. உங்களுக்கு எடஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, இக்கட்டால, எம் பக்கமாத் திருப்பிக்கறேன்.

நீங்க எங்க, கரூருங்களா? திருச்சியா? அப்ப கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம். நான் காங்கயத்துல ஏறுனேன். நீங்க வெள்ளகோவில்ல ஏறுறப்பவே பாத்தேன், காலச் சாச்சுச் சாச்சு வெச்சீங்க. புதுச் செருப்பு கடிச்சிருச்சா? பிளாஸ்திரி ஒட்டியிருக்கறீங்க. பிளாஸ்திரின்னதும் எனக்கு ஒரு ஞாபகம். இருங்க, அத அப்பறம் சொல்றேன்.

நாளைக்குக் காலையில எம் மகளுக்குக் கண்ணாலம்ங்க. திருச்சியில, கோயில்ல வெச்சு. நாளைக்குக் கண்ணாலத்த வெச்சுட்டு பொண்ணப் பெத்தவன் இன்னிக்கு ஒத்தையில பஸ்ல போறானேன்னு பாக்கறீங்க. ஊட்டுக்காரி மூணு நாளைக்கு முன்னாலயே போயிட்டா. கடையில சோலி இருக்குது, முடிச்சுட்டு வாரேன்னு நான் நின்னுட்டேன். கடையில ஒரு சோலியும் இல்லீங்க. இந்தப் பையத் தூக்கிட்டு வரதா, ஊட்லயே வெச்சுட்டு வெறுங்கையோட வரதான்னு யோசன பண்ணிட்டு உக்காந்திருந்தேன். அலுப்பா இருக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க, ஒரு பட்டன் விசயம்ங்க. ஒரே ஒரு பட்டன். அதனால எம் மக நாலு வருசம் எங்கூடப் பேசல.

இதானுங்க பிளாஷ். கேமரா தலமேல உக்கார்றது. இதுல ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு ஆட்டோ. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். பளிச்சுன்னு அடிக்கறப்ப, எதிர்ல பட்டுத் திரும்பி வர வெளிச்சத்த அதே அளந்துக்கும். போதும்னு தோணுனா அதே நிறுத்திக்கும். இன்னொண்ணு மேனுவல். எத்தன அடி தூரம், எத்தன வெளிச்சம், எல்லாம் நாமதான் முடிவு பண்ணோணும். அடிச்சா அடிச்சதுதான். எதிர்ல நிக்கறது ஆரு, கறுப்பா செவப்பான்னு அது பாக்காது. நான் பாத்து வெக்கறதுதான்.

ஆட்டோவ நம்பக் கூடாதுங்க. அதுக்குப் புத்தி கெடையாது. வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டின்னு ஒருத்தன் எதிர்ல நின்னா, எத்தன வெளிச்சம்டா சாமின்னு ஏமாந்து வெரசா நிறுத்திக்கும். மூஞ்சியெல்லாம் இருண்டு போயிரும். கறுப்புக் கோட்டுப் போட்டவன் நின்னா, பத்தல பத்தலன்னு அடிச்சு மூஞ்சியச் சுண்ணாம்பாட்டப் பண்ணிரும். அதனால நான் தொழிலுக்கு வந்ததுல இருந்து மேனுவல்தான். மணவறைக்கு முன்னால பத்தடியில நின்னுக்குவேன். எத்தன ஒறம்பரை, சொந்தபந்தம் மேல ஏறி எறங்குனாலும் அதே பத்தடி, அதே அளவு. ஒரு மூஞ்சி தப்பாது.

கண்ணாலப் பொண்ணு சித்த நெறம் கம்மின்னா, ஒரு ஸ்டாப் எச்சா வெச்சுக்குவேன். ஸ்டாப்னா ஒரு படின்னு வெச்சுக்கங்களேன். ஒரு படி ஏத்துனா வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆயிரும். ஆரும் எங்கிட்டக் கேக்க மாட்டாங்க. நானாப் பாத்து வெக்கறது. ஆல்பத்தப் பாத்துட்டுப் பொண்ணோட அம்மாவுக கையெடுத்துக் கும்பிட்டிருக்குதுக. எம் பொண்ணு இத்தன லட்சணமான்னு கண்ணுல தண்ணி விட்டுருக்குதுக. அந்தத் தொழில்காரனுக்குச் சொந்த ஊட்ல இந்தக் கதி.

எம் மக பேரு சுகந்தி. கடை பேரும் சுகந்தி ஸ்டுடியோதான், அவ பொறந்த வருசம் வெச்சது. நெறம் என்னையாட்ட. எங்க ஊட்டுக்காரி தங்கமணி நல்ல செவப்பு. அது வந்திருக்கக் கூடாதா? வர்ல. எனக்கு அதுல வருத்தம்னு நான் சொல்லல. நானே கறுப்புத்தானே, ஆம்பளைக்கு அதுல ஒண்ணுமில்ல. இருந்தாலும் அப்பன்னு ஒருத்தன் இருக்கறப்ப, கையில பட்டன் இருக்கறப்ப, சும்மா இருக்க முடியுங்களா?

ஏழாவது படிச்சுட்டிருந்தா. பள்ளிக்கூடத்துல அடையாள அட்டைக்குப் படம் எடுக்கற வேலய எனக்குத்தான் குடுத்தாங்க. முந்நூறு புள்ளைங்க. ஒரே ஸ்டூலு, பின்னால ஒரே நீலத்துணி, ஆறடி, ஒரே அளவு. வரிசையா வரும், உக்காரும், பளிச், அடுத்தது. சுகந்தி வந்து உக்காந்தா. மத்த புள்ளைக முன்னால அப்பான்னு கூப்படக் கூடாதுன்னு நெனச்சுட்டா போல, சிரிப்ப அடக்கிட்டு என்னையவே பாத்துட்டிருந்தா. நான் வெளிச்சம் எச்சா விழற மாதிரி லென்சு வளையத்த ஒரு படி தெறந்துட்டேன். கை தானாப் போச்சுங்க. அவ அதப் பாத்தா. மத்த ஆருக்கும் தொடாத வளையத்த அவளுக்கு மட்டும் திருப்பறதப் பாத்தா. மூஞ்சியில இருந்த சிரிப்பு போயிருச்சு. படத்துல சிரிப்பில்லாமத்தான் இருந்தா. அடுத்த புள்ளைக்குப் பழையபடி திருப்பிட்டேன்.

பிலிம் கழுவற லேபுல அந்த வெளிச்சத்தத் தானாக் கொறச்சுருவாங்கன்னு, அவ படத்துக்கு மட்டும் கவர் மேல இதத் தொடாதேன்னு எழுதிக் குடுத்தேன். அத்தன அக்கற. அட்டை வந்துச்சு. கையில வெச்சு நெம்ப நேரம் பாத்தா. "இது நானில்லப்பா"ன்னா. "நீதான் கண்ணு, அப்பன் நல்லா எடுத்திருக்கறேனில்ல"ன்னு சொன்னேன். அந்த வருசம் முழுக்க அட்டையத் திருப்பிப் போட்டுட்டே போனா. வெலாசம் இருக்கற பக்கம் வெளிய தெரியற மாதிரி. டீச்சர் கேட்டதுக்குக் கவுறு முறுக்கிக்குதுன்னு சொன்னாளாம். நானும் ரெண்டு தடவ கவுறு மாத்திக் குடுத்தேன். அப்பவும் முறுக்கிக்கிச்சு.

அது போகட்டும். இருவத்திநாலு வயசுல மாப்பிள்ள பாக்க ஆரமிச்சோம். படம் வேணுமில்லீங்களா. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் கடையில வெச்சு எடுத்தேன். ரோஸ் சீல கட்டச் சொன்னேன். பின்னால வானத்து நீலம். ரெண்டு பக்கமும் குடை மாட்டுன பிளாஷ். ரெண்டு ஸ்டாப் எச்சா. ஒண்ணில்லீங்க, ரெண்டு. அப்படின்னா நாலு மடங்கு வெளிச்சம். மூக்கு இருக்கற எடமே தெரியல, அப்பறம் கம்ப்யூட்டர்ல சித்த மூக்கு வரஞ்சு விட்டேன். நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான், இன்னிக்கும் சொல்லுவேன். சுகந்தி வந்து பாத்தா. "என்ற தங்கச்சியாட்ட இருக்குதுப்பா"ன்னு மட்டும் சொன்னா. அவளுக்குத் தங்கச்சி கெடையாது.

அந்தப் படத்தப் பெருசாப் போட்டுக் கடைக் கண்ணாடியில மாட்டுனேன். பக்கத்துல உரக்கடை வெச்சிருக்கறவரு, சுகந்தியத் தூக்கி வளத்தவரு. தெனமும் அவரு கடையத் தாண்டித்தான் அவ போவா வருவா. அவரு வந்து நின்னு பாத்துட்டு, "புதுசா மாட்டியிருக்கறீங்களே, இது எந்த ஊருப் பொண்ணு"ன்னு கேட்டாரு. எனக்கு எத்தன பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? அன்னிக்குச் சாயங்காலம் ஊட்ல இதச் சொன்னேன். சுகந்தி சாப்புட்டுட்டிருந்தவ தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

பல்லடத்துப் பக்கமிருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ள, அவங்கம்மா, அப்பன், பெரியப்பன்னு ஒரு கார் நெறைய. படத்தப் பாத்துப் புடிச்சுப் போய்த்தான் வந்தாங்க. அந்தம்மா படத்தக் கையிலயே வெச்சிருந்துச்சு. உக்கார ஒரு நாற்காலி கொறஞ்சுது. சுகந்தி உள்ள இருந்து ஒண்ணு தூக்கிட்டு வந்து போட்டா. பட்டுச் சீல கட்டித்தான் இருந்தா, பூ வெச்சுத்தான் இருந்தா. அந்தம்மா அவளப் பாத்துச்சு, கையில இருந்த படத்தப் பாத்துச்சு. "ஏம் பாப்பா, அக்காவ வரச் சொல்றியா"ன்னு கேட்டுச்சு. நல்ல மாதிரியாத்தானுங்க கேட்டுச்சு. அந்தம்மாளக் குத்தம் சொல்ல முடியாது.

சுகந்தி, "வரச் சொல்றேனுங்க"ன்னா. உள்ள போனா. அப்பறம் வர்ல.

நாங்க உக்காந்திருக்கறோம். காப்பி ஆறிப் போச்சு. தங்கமணி ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தா, மூணாந்தடவ உள்ளயே நின்னுக்கிட்டா. நான் என்ன பண்றதுங்க? "பொண்ணு வந்துட்டுப் போயிருச்சுங்க, நாற்காலி போட்டதுதானுங்க பொண்ணு"ன்னு சொன்னேன். அந்தம்மா மறுபடி படத்தப் பாத்துச்சு. "அது ஒண்ணுமில்லீங்க, பிளாஷ் மேனுவல்ல இருந்துச்சு, சித்த எச்சாப் போயிருச்சு, நான் சரியா வெச்சு வேற படம் எடுத்து அனுப்பறேன்"னு சொல்லிட்டே இருக்கறேன், பெரியப்பன்காரரு எந்திரிச்சுட்டாரு. படத்த மேச மேல குப்புற வெச்சுட்டுப் போனாங்க. மாப்பிள்ளப் பையன் மட்டும் செருப்பு மாட்டறப்ப உள்பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தான்.

அவங்க போனதுக்கப்பறம் சுகந்தி வந்து அந்த நாற்காலிய எடுத்துட்டு உள்ள போனா. நான் பின்னாலயே போனேன். "கண்ணு, ரெண்டு ஸ்டாப் தப்புத்தான், அப்பன் ஒத்துக்கறேன். அடுத்தது ஒண்ணே ஒண்ணு வெச்சு எடுக்கலாம்"னு சொன்னேன். அவ நின்னு என்னையப் பாத்தா அம்மிணி. தப்ப ஒத்துக்கிட்டேன், பாதியாக் கொறைக்கறேன்னும் சொன்னேன். ஒரு மனுசன் இதுக்கு மேல என்ன பண்றது? அடுத்த வாரமே திருச்சிக்குப் போயிட்டா. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற வேல. அதுக்குத்தான் படிச்சிருந்தா.

போன் பண்ணுனா அம்மாகிட்டப் பேசுவா. நான் எடுத்தா, "அம்மாகிட்டக் குடுங்க". பொங்கல் நோம்பிக்கு வந்தாலும் என்ற மூஞ்சியப் பாக்காம சோறு போடுவா. அத்தன பெரிய ஊட்ல மூணே பேரு, அதுல ரெண்டு பேருக்குப் பேச்சில்ல. எனக்குச் சலிச்சுப் போச்சுங்க. கண்ணாடியில மாட்டியிருந்த படத்தக் கழட்டி வெச்சேன். அவளுக்காகக் கழட்டலீங்க, வெயில்ல சாயம் போயிருச்சு. அதுவும் ஒரு மாதிரிக் கறுத்துப் போச்சு.

போன வருசம் எனக்கு முட்டி வலி. தங்கமணி இழுத்துட்டு அவ ஆஸ்பத்திரிக்கே போனா. என்னைய மேச மேல படுக்க வெச்சாங்க. சுகந்திதான் வந்தா. முட்டிய நேரா வெச்சு, மேல மெசின எறக்கி, "ஆடாதீங்க"ன்னா. நாலு வருசம் கழிச்சு எம் மக எனக்குன்னு சொன்ன மொத வார்த்த அதுதானுங்க, ஆடாதீங்க. நான் முப்பது வருசமா ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொன்னது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. முட்டி வலின்னு நெனச்சுட்டா.

அவ கண்ணாடித் தடுப்புக்கு அக்கட்டால போய் நின்னு மெசின வெச்சத நான் படுத்துட்டே பாத்தேன். ஆட்டோன்னு ஒண்ணு இருக்குது. அவ அதத் தொடல. கையில அழுத்தி அழுத்தி நம்பர மாத்துனா. எந்திரிச்சதும் கேட்டேன், "பாத்தியா கண்ணு, நீயும் மேனுவல்தானே வெக்கறே"ன்னு. "உள்ள இருக்கறது தெரியோணும்னு வெக்கறனுங்கப்பா"ன்னா. அப்பறம் அடுத்த ஆளக் கூப்புட்டா. முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. இருந்தாலும் எனக்குச் சந்தோசம்தான், பேசிட்டாளே.

போன மாசம் மாப்பிள்ளையக் கூட்டிட்டு ஊட்டுக்கு வந்தா. தினகரன்னு பேரு, அதே ஆஸ்பத்திரியில மருந்துக் கடையில இருக்கறாரு. நல்ல செவப்பு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. "படம் கிடம் பாத்தீங்களா தம்பி"ன்னு கேட்டுட்டேன். "இல்ல மாமா, தெனமும் நேர்லயே பாக்குறேனே"ன்னாரு. தங்கமணி என்னைய மொறைச்சா. நான் என்ன தப்பாக் கேட்டேன், எனக்குத் தெரீல.

கண்ணாலப் படம் நான்தான் எடுப்பேன்னு சொன்னேன். ஊர்ப் பொண்ணுகளுக்கெல்லாம் எடுத்தவன், எம் மகளுக்கு எவனோ வந்து எடுக்கறதா? சுகந்தி எந்திரிச்சுப் போய் இந்தப் பையத் தெறந்து பிளாஷ எடுத்துட்டு வந்தா. "ஆட்டோவுல வெய்யுங்கப்பா"ன்னா. வெச்சேன். அவ கைப்பையில பிளாஸ்திரிச் சுருள் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்காரி பாருங்க. ஒரு துண்டு கிழிச்சு, பிளாஷ் முதுகுல இருக்கற பட்டன் எல்லாத்து மேலயும் சேத்து ஒட்டிட்டா. மேல பேனாவுல பேரெழுதித் தேதி போட்டா. இங்க பாருங்க, சுகந்தி. தாலூக்கா ஆபீசுல சீல் வெக்கற மாதிரி.

நான் எடுத்துச் சொன்னேன், நல்ல வார்த்தையாத்தான் சொன்னேன். "கண்ணு, மாப்பிள்ள வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி. ஆட்டோ ஏமாந்துரும். நீ இருக்கறதவிடக் கறுப்பா விழுவே. இது உங்கப்பன் சொல்றதில்ல, தொழில் சொல்றது"ன்னேன். பொய்யில்லீங்க, ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவ சொன்னா, "விழுந்தா விழுந்துட்டுப் போகுதுங்கப்பா. மெசின் தெரியாம ஏமாறுது. அதுக்கு எம்மேல வெக்கம் ஒண்ணுமில்ல"ன்னு. மெசினுக்கு எப்படிங்க வெக்கம் இருக்கும்? எனக்கு வெளங்கல. படிச்ச புள்ளைக பேசற பேச்சு.

அப்பறம் ஒண்ணு சொன்னா. "இந்த ஒருக்கா எம் மூஞ்சிய மாத்தாம எடுத்துக் குடுங்கப்பா. இந்தத் தடவையும் மாத்துனீங்கன்னா, அந்தப் படத்துல இருக்கறவளே உங்களுக்கு மகளா இருந்துக்கட்டும். நான் இனி வர்ல." சத்தம் போட்டுச் சொல்லலீங்க. டம்ளரக் கழுவிக் கவுத்தறப்ப சொன்னா. சொன்னாச் சொன்னதுதான், அவ என்னையாட்ட.

இப்பச் சொல்லுங்க, நான் என்ன பண்றது? ஆட்டோவுல எடுத்தா, எம் மக கண்ணாலப் படம் இருட்டா விழும். காலத்துக்கும் நிக்கற படம். பக்கத்துல மாப்பிள்ள பளபளன்னு நிப்பாரு. பாக்கறவங்க வாய் சும்மா இருக்குமா? மேனுவல்ல எடுத்தா அவ வர மாட்டா. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், ஆருகிட்டயும் சொன்னதில்ல. பிளாஷத் தொடவே வேண்டாம். கேமராவுலயே ஒரு பட்டன் இருக்குது, இந்தா, இது. இத அழுத்தித் திருகுனா, ஆட்டோவுலயே எச்சாப் பண்ணிக்கலாம். பிளாஸ்திரி ஒட்டுனபடியே இருக்கும். சுகந்திக்கு இது தெரியாது. ரெண்டு நாளாக் கடையில உக்காந்து இதத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு ஸ்டாப் வேண்டாம். அரை. அரை ஸ்டாப் ஆருக்குங்க தெரியப் போகுது?

கரூர் வந்துருச்சு. பதினஞ்சு நிமிசம் நிப்பாங்க. டீ குடிக்க எறங்கறீங்களா? கால் வலிக்குதா, சரி. அப்ப எனக்கு ஒரு ஒத்தாச பண்றீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும் சுகந்தி நெறந்தான். கோவிச்சுக்காதீங்க அம்மிணி, கண்ணால பாக்கறதச் சொல்றேன். வெள்ளத் துப்பட்டா வேற போட்டிருக்கறீங்க, மாப்பிள்ள சட்டையாட்ட. ஆட்டோவுல ஒண்ணு, மேனுவல்ல ஒண்ணு, ரெண்டே படம். எது நல்லா இருக்குதுன்னு உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா எனக்கு ஒரு முடிவு வந்துரும். ரெண்டையும் உங்க கண்ணு முன்னாலயே அழிச்சுடறேன்.

சரிங்களா? நல்லா இருப்பீங்க. இந்தப் பக்கம் திரும்பிக்கங்க, சன்னல் வெளிச்சம் பின்னால வேண்டாம். நான் ரெண்டு சீட் முன்னால போய் நின்னுக்கறேன். கண்டக்டரு பாத்தாப் பாக்கட்டும். ஆடாதீங்க. ஆச்சு. பாருங்க, இது ஆட்டோ. நான் சொன்னேனில்ல, துப்பட்டா ஏமாத்திப் போட்டுது. இருக்கறதவிட ஒரு பிடி கறுப்பு.

இப்ப மேனுவல். இந்தப் பிளாஸ்திரி ஓரம் அதுவா எழும்பியிருக்குது பாருங்க, பஸ் சூட்டுக்கு. நான் பிரிக்கல. இப்பத்தான் பிரிக்கறேன். மெதுவா. பேரு கிழியக் கூடாது. இதச் சித்த உங்க பொறங்கையில ஒட்டி வெச்சுக்கங்க, கீழ விழுந்தா மண்ணு ஒட்டிக்கும். ஒரு ஸ்டாப் எச்சா. ஆடாதீங்க. ஆச்சு.

பாத்தீங்களா? பாத்தீங்களா அம்மிணி? கண்ணாலப் பொண்ணாட்ட இருக்கறீங்க. இது ஆட்டோ, இது மேனுவல். எது நல்லா இருக்குது, சொல்லுங்க.

மொதலுதா?

சும்மா சொல்லாதீங்க. கெழவன் மனசு நோகுமேன்னு பாக்காதீங்க. நோகறதெல்லாம் நொந்தாச்சு. ரெண்டாவதுல எத்தன பளிச்சுன்னு இருக்கறீங்க, இன்னொருக்காப் பாருங்க. ஏனுங்க, இதுக்கு என்ன கொற?

என்ன சொன்னீங்க?

இது நானில்லீங்கன்னா சொன்னீங்க?

இருங்க, உக்காந்துக்கறேன். முட்டி.

அவ பன்னண்டு வயசுல சொன்னதுங்க அது. அட்டையக் கையில வெச்சுட்டு, அதே வார்த்த. ஏதோ புள்ள கோவத்துல சொல்லுதுன்னு இருந்தேன். வளந்தும் சொன்னா, அப்பவும் கோவம்தான்னு இருந்தேன். நீங்க எதுக்கு என்னையக் கோவிக்கப் போறீங்க? உங்களுக்கு என்னைய ஆருன்னே தெரியாது. வெள்ளகோவில்ல ஏறுனீங்க, திருச்சியில எறங்கப் போறீங்க.

அழிச்சுட்டேன். பாருங்க, போயிருச்சு. மொதலுதையும் அழிச்சுரட்டுங்களா? அழிக்க வேண்டாமா, உங்களுக்கு வேணுங்களா? சரி, உங்க நம்பரச் சொல்லுங்க, அனுப்பறேன். இதுல சிரிச்சிருக்கறீங்க. எடுக்கறப்ப நான் பாக்கலீங்க. துப்பட்டாவத்தான் பாத்துட்டிருந்தேன். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துலயும் அவ சிரிச்சுட்டுத்தான் வந்து உக்காந்தா. நான் வளையத்தப் பாத்துட்டிருந்துட்டேன். எனக்கு அழுகாச்சியா வருது அம்மிணி. பஸ்ல வேண்டாம்.

அந்தப் பிளாஸ்திரி. இல்ல, எங்கிட்டக் குடுக்காதீங்க. நீங்களே ஒட்டி விடுங்க. ஆட்டோவுல வெச்சுட்டேன், பாத்துக்கங்க. பழைய எடத்துலயே, நாலு ஓரமும் அழுத்தமா. பிரிச்சது தெரியுதுங்களா? தெரியும். தெரியட்டும். கேட்டாச் சொல்லிக்கறேன். என்ன சொல்றதுன்னு திருச்சி போறதுக்குள்ள யோசிக்கோணும்.

வண்டி எடுக்கறாங்க, நல்லா உக்காருங்க. கால நீட்டி வெச்சுக்கங்க, பைய நான் இப்படித் தள்ளிக்கறேன்.

அம்மிணி, உங்க கால்ல ஒட்டியிருக்கறீங்களே, அந்தப் பிளாஸ்திரி இன்னொண்ணு பையில இருக்குதுங்களா?

இல்லீங்க, எனக்கு அடி ஒண்ணும் படல. கேமராவுல ஒரு பட்டன் சொன்னேனில்ல, அதுக்கு.